கராஜில் சாப்பாடு

"உன் பக்கத்தைத் தூக்கு. தூக்குன்னா தூக்கணும், தடவிக் குடுக்கக் கூடாது" என்றாள் டோரீன்.

ஜனெல் தூக்கினாள். பாப்கார்ன் மெஷின் கடை வாசலில் இடித்து நின்று, அடுத்த இழுப்பில் வெளியே வந்தது. உள்ளே தொங்கிய சட்டி ஆடியது. அதன் அடியில் ஒட்டியிருந்த எண்ணெய் குளிரில் மெழுகாக இறுகிப் போயிருந்தது. இரண்டு பேரும் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள்.

சனிக்கிழமை காலை. முந்தைய நாள் வில்மோர் உயர்நிலைப் பள்ளி அந்த ஆண்டின் கடைசி அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தில் தோற்றிருந்தது. மைதானத்தில் ஆள் இல்லை. வெள்ளைக் கோடுகளின் மேல் பனி இறங்கி, கோடு எது, பனி எது என்று தெரியாமல் கிடந்தது. வேலிக்கு அப்பால் அறுவடை முடிந்த சோளக்காடு. ஒரு சீசன் முடிந்ததென்று அந்த ஊரில் யாரும் அறிவிப்பதில்லை. பாப்கார்ன் மெஷின் மைதானத்துக் கடையிலிருந்து ஜிம் கடைக்குப் போகும், அவ்வளவுதான். திங்கட்கிழமை மல்யுத்தம் தொடங்கிவிடும்.

டோரீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அறுபதைத் தாண்டியவள். ஆட்ட நாட்களில் ஜனெலோடு கடையில் நிற்பாள். வண்டியைத் தள்ளிக்கொண்டே பேசினாள்.

"நேத்து உன் பொண்ணு என் வீட்டுக்காரனுக்கு விருந்து வச்சா, தெரியுமா?"

"என்ன விருந்து?"

"சில்லிக் குழம்பு, மேல சீஸ், பக்கத்துல பட்டை போட்ட இனிப்பு ரோல். அப்படியே தட்டோட நீட்டிட்டா. 'எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க'ன்னு. லாயிடுக்குக் கண்ணுல தண்ணி வராத குறை. டாக்டர் அவனுக்கு ஆகாதுன்னு சொன்னது மொத்தமும் ஒரே தட்டுல."

ஜனெல் கையை எடுத்துவிட்டாள். வண்டி சரிவில் தானாக நகர்ந்தது.

"அடியே, பிடி. இது உருண்டு போய் பிரின்சிபால் கார்ல மோதினா நான் காரணம் இல்ல, சொல்லிட்டேன்."

ஜனெல் பிடித்தாள். நேற்று கடையில் கூட்டம் அதிகம். பிரிட்டாவுக்கு அந்தத் தட்டைத் தன் கையால் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். கூடுதலாக ஒரு கரண்டி ஊற்றியது நினைவிருந்தது. பிரிட்டா சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள். அந்தச் சிரிப்பைப் பற்றி அவள் அப்போது யோசிக்கவில்லை.

ஜிம்முக்குப் போகும் நடைகூடத்தில் வெப்பம் முகத்தில் அடித்தது. கிருமிநாசினி வாசம். மல்யுத்த விரிப்புகளை வெளியே எடுத்துக் கழுவும் நாள். சுருட்டி வைத்திருந்த பெரிய நீல விரிப்பை ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். வேறு இரண்டு பேர் வாலிபால் வலையைச் சுருட்டி, கம்பங்களோடு சுமந்துபோய், நடைகூடத்தின் கடைசியில் இருந்த அறைக்குள் வைத்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி பிரிட்டா.

அந்த அறைக்கதவைச் சுவரின் நிறத்திலேயே வண்ணம் அடித்து வைத்திருந்தார்கள். முன்பு அது கொதிகலன் அறை. இப்போது கொதிகலன் கூரைமேல் இருக்கிறது. அந்தந்தப் பருவத்துக்கு வேண்டாதவற்றை அங்கே போட்டு வைப்பார்கள். ஜனெல் அந்த அறைக்குள் போனதில்லை. அவளுடைய மகள் இடுப்பால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள், விளக்கைப் போட்டாள், சிரித்துப் பேசிக்கொண்டே வெளியே வந்தாள்.

பிரிட்டாவுக்குப் பதினேழு வயது. பள்ளியில் இது கடைசி ஆண்டு. முக்காடு வைத்த ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கழுத்தருகில் அதற்கு உள்ளே இன்னொரு முக்காடு தெரிந்தது. வாயில் சூயிங்கம். கையில் காலி சோடா பாட்டில். அதன் அடியில் விரற்கடை அளவு எச்சில்.

"எத்தனை ஸ்வெட்டர் போட்டிருக்க?" என்று ஜனெல் கேட்டாள்.

"குளிருதும்மா."

"இங்கயா?"

பிரிட்டா பாட்டிலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பக்கத்தில் நின்ற மேசி சிரித்தாள். மேசி அவளுடைய சிநேகிதி, அதே வகுப்பு, வாலிபாலில் பக்கத்து இடம்.

"அவ நூத்தி இருபது பவுண்டு எடைக்கு இறங்கப் போறா. நான்தான் நல்லா தின்னுட்டு நூத்தி முப்பதுல உக்காந்திருக்கேனே. என்னை நகர்த்த முடியல, அதான் கீழ ஓடுறா."

"வாயை மூடு மேசி" என்றாள் பிரிட்டா.

"நாலு தடவை இவ முதுகைத் தரையில வச்சேன். வாயை மூடுன்னா மூடிருவேனா?"

பெண்கள் சிரித்தார்கள். டோரீனும் சிரித்தாள். பிரிட்டா பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோய், பெண்கள் உமிழும் விதத்தில் அல்லாமல், பழக்கப்பட்ட பையனைப் போலத் துப்பினாள். அந்தச் சத்தம் ஜனெலுக்குத் தெரியும். அவள் பிறந்த வீட்டில் ஒரு பிளாஸ்டிக் குவளைக்குள் அந்தச் சத்தம் கேட்ட ஆண்டு அவளுக்குப் பதினொன்று.

மெஷினை ஜிம் கடைக்குள் இறக்கி வைத்தபோது டோரீன் அவள் முகத்தைப் பார்த்தாள். "என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. சட்டியை ஊற வைக்கணும்."

*

ஜனெலுடைய அண்ணன் பெயர் கர்ட் பிரன்ஸ். பள்ளியில் பரிசுக் கோப்பைகள் இருக்கும் கண்ணாடி அலமாரியில் அவன் படம் இருக்கிறது. ஃபுட்பால் உடையில் எடுத்த படம், ஆனால் மல்யுத்தக் கோப்பைகளின் தட்டில் வைத்திருக்கிறார்கள். எந்தத் தட்டில் வைப்பது என்று அந்தக் காலத்தில் ஒரு கூட்டம் போட்டுப் பேசினார்களாம்.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். மல்யுத்தத்தில் ஓர் எடைக்கு ஒரு பள்ளியிலிருந்து ஓர் ஆள். ஒரே எடையில் இரண்டு பேர் இருந்தால் அவர்களுக்குள் முதலில் மோத வேண்டும். தோற்றவன் அந்த ஆண்டு முழுவதும் பெஞ்சில் உட்கார வேண்டும். இல்லையென்றால் காலியாக இருக்கும் எடையைத் தேடிப் போக வேண்டும். மேலே போவதற்குத் தின்றால் போதும், ஆனால் மேலே இருப்பவர்கள் பெரியவர்கள். அதனால் எல்லோரும் கீழேதான் போவார்கள்.

ஃபுட்பாலுக்கு கர்ட் கனமாக இருக்க வேண்டியிருந்தது. கோடை முழுவதும் அம்மா அவனுக்கு இரண்டு ஆள் சாப்பாடு போட்டாள். கடைசி ஆட்டம் முடிந்த மறுநாளே அதே உடம்பு மல்யுத்தத்துக்கு அதிகம் என்று ஆகிவிட்டது. திங்கட்கிழமை எடை பார்ப்பார்கள். நடுவில் சனியும் ஞாயிறும். அந்த இரண்டு நாள் எந்த சீசனையும் சேர்ந்ததல்ல. ஃபுட்பால் பயிற்சியாளர் தன் ஆட்டம் முடிந்துவிட்டது என்றார். மல்யுத்தப் பயிற்சியாளர் தன்னுடையது தொடங்கவே இல்லை என்றார். பிறகு அதைத்தான் இரண்டு பேரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பொய் இல்லை.

கர்ட் உண்மையில் அதற்கு ஒரு வாரம் முன்பே சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான். உடம்பிலிருந்து தண்ணீரை இறக்க ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டு வியர்த்தான், குவளையில் துப்பிக்கொண்டே இருந்தான். அப்போது வீட்டில் ஒரு ஏற்பாடு வந்தது. அந்த ஊரில் மல்யுத்தப் பையன்கள் இருந்த வீடுகளில் எல்லாம் அப்படித்தான். அப்பா காரை வெளியே நிறுத்தினார். கராஜுக்குள் சீட்டாடும் மேசையும் மூன்று மடக்கு நாற்காலிகளும் ஒரு மின்கணப்பும் வந்தன. சமைத்ததை மூடி எடுத்துக்கொண்டு போய் அங்கே சாப்பிட்டார்கள். அவன் கண்ணில் படக்கூடாது, வாசம் மூக்குக்குப் போகக்கூடாது. அது அன்புதான். ஜனெலுக்கு முதல் இரண்டு நாள் அது வனபோஜனம் மாதிரி இருந்தது.

அந்தச் சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் அம்மா கோழி பொரித்திருந்தாள். கராஜின் பக்கச் சுவரில் சின்ன ஜன்னல் ஒன்று இருந்தது, திரை கிடையாது. ஜனெல் நிமிர்ந்தபோது கர்ட் அதற்கு வெளியே நின்றான். தலையில் முக்காடு. வாயருகே கண்ணாடி மங்கி மங்கித் தெளிந்தது. அவன் அவர்களைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தான். கையை நீட்டவில்லை, தட்டவில்லை. வெறுமனே பார்த்தான், ஓடுகிற தொலைக்காட்சியைப் பார்க்கிற மாதிரி.

அம்மாவும் பார்த்தாள். "பாவம், அவன் பாக்க வேண்டாம்" என்று சொல்லி எழுந்துபோய் விளக்கை அணைத்தாள்.

இருட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கணப்பின் கம்பி மட்டும் சிவப்பாக இருந்தது. ஜனெலின் கையில் கோழிக்கால் இருந்தது. சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கடித்தாள். மொறுமொறுவென்று சத்தம் வந்தது. வெளியே சரளைக்கல்லில் காலடி நகர்ந்தது.

பள்ளிச் சாவி மல்யுத்தப் பையன்கள் எல்லோரிடமும் இருக்கும். மறுநாள் காலை துப்புரவுக்காரர் கொதிகலன் அறையைத் திறந்தபோது, அந்தச் சூட்டில் கர்ட் இறந்து கிடந்தான். குப்பைப் பையை உடம்பில் சட்டையாக மாட்டி, மேலே மூன்று ஸ்வெட்டர் போட்டிருந்தான். ஸ்கிப்பிங் கயிறு கையிலேயே சுற்றியிருந்தது.

இரண்டு வாரத்தில் முதல் போட்டி நடந்தது. எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். பிறகு விசில் ஊதினார்கள். மார்ச்சில் ஓட்டப் பந்தயங்கள் வந்தன, அப்புறம் மறுபடி ஃபுட்பால். எதுவும் ஒருநாள்கூடத் தள்ளிப் போகவில்லை.

ஜன்னலில் நின்ற முகத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. அப்பா பார்த்தாரா என்று ஜனெலுக்குத் தெரியாது. அவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார், ஆனால் அம்மா எழுந்தபோது அவருடைய முட்கரண்டி நின்றது. போன வசந்தத்தில் அவர் இறந்தபோதும் அவள் கேட்கவில்லை. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். கடைசிவரை எந்த அறையிலிருந்து வெளியே வந்தாலும் விளக்கை அணைக்காமல் வருவாள். அப்பா பின்னாலேயே போய் அணைப்பார்.

ஜனெல் அதே பள்ளியில் படித்தாள், வாலிபால் ஆடினாள், ஓடினாள். பக்கத்து மாவட்டத்து ராய்ஸைக் கல்யாணம் செய்துகொண்டாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை கிடைத்தது. ராய்ஸும் ஒரு காலத்தில் மல்யுத்தம் செய்தவன்தான், பெரிதாக ஒன்றும் ஜெயித்ததில்லை, அதனாலேயே அதைப் பற்றி நிறையப் பேசுவான். பிரிட்டா ஒன்பதாம் வகுப்பில் வந்து, பள்ளியில் பெண்களுக்கும் மல்யுத்தம் வந்துவிட்டது, நான் பெயர் கொடுத்துவிட்டேன் என்றாள். ஜனெல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சரி என்றாள். அந்த வாரமே ஜிம் கடையைத் தான் பார்த்துக்கொள்வதாகப் பெற்றோர் சங்கத்தில் சொன்னாள்.

கடையின் ஜன்னலிலிருந்து பார்த்தால் கூட்டத்தின் முதுகுகள்தான் தெரியும். விரிப்பு தெரியாது. மூன்று ஆண்டுகளாக அவள் மகளின் ஆட்டங்களைக் காதால் கேட்டிருக்கிறாள். காலணி வழுக்கும் சத்தம், ராய்ஸின் கத்தல், கடைசியில் நடுவர் உள்ளங்கையால் விரிப்பை அறையும் சத்தம். அறைந்தவுடன் எந்தப் பக்கத்துப் பெஞ்சு கத்துகிறது என்பதை வைத்து யார் முதுகு தரையில் பட்டது என்று தெரிந்துகொள்வாள். அதற்குள் யாராவது ஹாட் டாக் கேட்பார்கள்.

*

இப்போது சட்டம் இருக்கிறது. முதல் வாரம் ஒரு நர்ஸ் வந்து, உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சோதித்து, யார் எவ்வளவு குறையலாம் என்று சொல்வார். வாரத்துக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. அந்தச் சோதனை புதன்கிழமை. ஆனால் புதன்கிழமைக்கு முன்பே கொஞ்சம் இறங்கிப் போய் நின்றால் அங்கிருந்து மீதியை இறக்க வழி கிடைக்கும். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். சோதனைக்கு முன்னால் இருக்கும் நாட்கள் இன்னும் யாருடையதாகவும் ஆகவில்லை.

பள்ளியில் வேலையை முடித்துவிட்டு, வரும் வழியில் கடைக்கும் போய்விட்டு ஜனெல் வீடு திரும்பியபோது வெளிச்சம் மங்கியிருந்தது. ராய்ஸின் வண்டி வாசலில் நின்றது. வழக்கமாக அவன் அதைக் கராஜில்தான் விடுவான். கராஜின் பெரிய கதவு மூடியிருந்தது. பக்கத்துக் கதவின் கீழே வெளிச்சம்.

அவள் அந்தக் கதவைத் திறந்தாள். புல்வெட்டும் மெஷினுக்கும் குளிர்கால டயர்களுக்கும் நடுவே மடக்கு மேசை. இரண்டு நாற்காலி. நடுவில் பெட்ரோல் பங்க்கில் வாங்கிய டாக்கோ பீட்சா. காலடியில் கணப்பு சிவந்துகொண்டிருந்தது.

"வா வா, ஆறிடும்" என்றான் ராய்ஸ். "அவ முன்னால தின்னா அவளுக்குக் கஷ்டமா இருக்கும்ல. அதான் இங்க. எங்க வீட்டுலயும் இப்படித்தான் பண்ணுவோம். எங்கப்பா ஒரு தடவை டிராக்டர்ல உக்காந்து பன்றிக்கறி தின்னாரு, தெரியுமா?"

ஜனெல் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவ கேட்டாளா?"

"கேக்கல. ஆனா நான் சொன்னதும் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. உனக்குத்தான் தெரியுதுப்பான்னா." அவன் ஒரு துண்டை எடுத்து அவள் பக்கம் வைத்தான். "இன்னிக்குக் காலையில நூத்தி இருபத்தி ஏழரை. போன வாரம் நூத்தி முப்பத்தி ஒண்ணு. பொண்ணு சொன்னா செய்றா."

"எப்படி?"

"எப்படின்னா? ஓடுறா. சாப்பாட்டைக் குறைச்சிருக்கா."

"தண்ணி?"

ராய்ஸ் மென்றுகொண்டே தோளைக் குலுக்கினான். "பாரு, உங்க அண்ணன் விஷயம் எனக்குத் தெரியாதா? அது அந்தக் காலம். அப்ப யாரு பாத்தா? இப்ப எல்லாம் கணக்கா நடக்குது. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவனுக்குத் தெரிந்தது கொதிகலன் அறை. அலமாரியில் இருக்கும் படம். மேசையைப் பற்றி அவள் அவனிடம் சொன்னதே இல்லை. இருபது வருஷம் பக்கத்தில் படுத்தவன், அவனுக்கே அது தெரியாது. மூன்றாவது நாற்காலி மடக்கியபடியே சுவரில் சாய்ந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

இந்தக் கராஜுக்கும் பக்கச் சுவரில் ஜன்னல் உண்டு. எல்லாக் கராஜுக்கும் உண்டு. கண்ணாடியில் ஒரு வட்டம் மங்கியது, தெளிந்தது, மறுபடி மங்கியது. முக்காட்டுக்குள் முகம் சரியாகத் தெரியவில்லை. கண்கள் பீட்சா பெட்டியின் மேல் இருந்தன.

ராய்ஸ் அவள் பார்வையைத் தொடர்ந்து திரும்பினான். "அடடா. பாவம்" என்றான். உண்மையான வருத்தத்தோடு எழுந்து விளக்கின் சுவிட்சை நோக்கிப் போனான்.

"அணைக்காத."

"அவ பாக்குறா, ஜனெல்."

"ராய்ஸ், அதைத் தொடாத."

அவன் கை அப்படியே நின்றது. அவள் இதுவரை அந்தக் குரலில் அவனிடம் பேசியதில்லை. அவள் எழுந்து போய்ப் பெரிய கதவின் பொத்தானை அழுத்தினாள்.

கதவு முனகிக்கொண்டு மெல்ல மேலே ஏறியது. குளிர் தரையோடு உள்ளே வந்தது. ஜன்னலில் முகம் இல்லை. சரளையில் காலடி கேட்டது. கதவின் கீழ் முதலில் காலணி தெரிந்தது. பிறகு கால்சட்டை, அதற்குள்ளே பிளாஸ்டிக் சரசரக்கும் சத்தம். முழங்கால். தொங்கும் கை, கையில் பாட்டில். முகம் தெரியும்வரை அந்தக் கால்கள் யாருடையவை என்று ஜனெல் முடிவு செய்யவில்லை. கதவு உச்சிக்குப் போய் நின்றது. பிரிட்டா நின்றாள்.

"என்னம்மா? கதவை ஏன் திறந்த?"

"எவ்வளவு நேரமா நிக்குற?"

"இப்பதான். நாய்க்குத் தண்ணி வச்சேன்."

"நீ குடிச்சியா?"

பிரிட்டா அப்பாவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"உள்ள வா. உக்காரு."

"வேண்டாம்மா. ஒரு துண்டு தின்னா ரெண்டு நாள் ஓட்டம் வீண்."

"தின்னச் சொல்லல. உக்காரச் சொல்றேன்." ஜனெல் மூன்றாவது நாற்காலியை விரித்துப் போட்டாள். பிரிட்டா உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதட்டோரம் வெடித்திருந்தது.

"உன் மாமா இதே மாதிரிதான் நின்னான்" என்றாள் ஜனெல். "வெளிய, ஜன்னல்கிட்ட. நாங்க மூணு பேரும் கராஜுல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். அவனுக்கு வாசம் வரக்கூடாதுன்னு. அவன் பாத்துக்கிட்டே இருந்தான். எங்கம்மா எந்திரிச்சுப் போய் விளக்கை அணைச்சா. பாவம் பாக்க வேண்டாம்னு. இருட்டுல நான் கோழிக்கால் தின்னேன். அவன் அங்கிருந்துதான் பள்ளிக்கூடத்துக்குப் போனான்."

ராய்ஸ் சுவிட்சின் பக்கத்திலிருந்து நகர்ந்து வந்து உட்கார்ந்தான்.

"நான் மாமா இல்லம்மா" என்றாள் பிரிட்டா.

"இல்ல."

"எனக்கு நர்ஸ் இருக்காங்க. சட்டம் இருக்கு."

"அவங்க புதன்கிழமை இருக்காங்க. இன்னிக்கு சனிக்கிழமை."

"நூத்தி முப்பதுல நான் மேசிகிட்டத் தோத்துருவேன்."

"தோத்துப் போ."

"இது கடைசி வருஷம். என்ன பண்ணுவேன்? உன்னோட நின்னு பாப்கார்ன் விக்கவா?"

"டோரீனைவிட நல்லா விப்ப."

பிரிட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நீ ஒரு ஆட்டம்கூட வந்து பாத்தது இல்ல" என்றாள். "மூணு வருஷம். எல்லா அம்மாவும் வருவாங்க. நீ அந்த ஓட்டைக்குள்ள நின்னு மக்காச்சோளம் பொரிப்ப. நான் எதை விடணும், எதை விடக் கூடாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ஜனெல் பீட்சா பெட்டியை மூடினாள்.

"நாளைக்குக் கோச்கிட்டப் பேசுறேன்" என்றாள். "நூத்தி இருபது உனக்கு இல்லைன்னு சொல்லிடுவேன். நான் வேண்டாம்னு சொன்னா அவர் எடுக்க மாட்டார்."

பிரிட்டா நாற்காலியை விட்டாள். அது ஆடி நின்றது. பாட்டிலை மேசைமேல், பீட்சா பெட்டிக்குப் பக்கத்தில், வேண்டுமென்றே வைத்தாள். வீட்டுக்குள் போனாள். மாடிப்படியில் பிளாஸ்டிக் சரசரத்தது. ஒரு கதவு மூடிக்கொண்டது.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல" என்றான் ராய்ஸ்.

"சொல்லியிருக்கலாம்."

"நான் தெரியாம..."

"தெரியும். எங்கம்மாவும் அப்படித்தான்."

பெரிய கதவை யாரும் மூடவில்லை. கணப்பு தெருவுக்கே சூடேற்றிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் நாயோடு நடந்துபோனவர், திறந்த கராஜில் மேசை போட்டு இரண்டு பேர் ஒன்றும் தின்னாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கையை உயர்த்தினார். ராய்ஸும் கையை உயர்த்தினான். ஜனெல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் இருந்த மூச்சின் வட்டம் போய்விட்டது. ஆனால் அது இருந்த இடம் அவளுக்குத் தெரிந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. காலையில் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு தண்ணீர்த் தம்ளர் கிடந்தது. ராய்ஸ் காப்பி மட்டும்தான் குடிப்பான். ஜனெல் அதைக் கழுவி வைத்தாள். பிரிட்டா தேவாலயத்துக்கு வந்தாள், அப்பாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். ஒரே ஒரு ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

ஆராதனை முடிந்து கார்கள் நிற்கும் இடத்தில் ஜனெல் கோச் லிண்ட்கிரனைப் பிடித்தாள். அவர் கணக்கு ஆசிரியர், வயது முப்பதுக்குள். குடை இல்லாமல் நின்றார். தான் பிரிட்டாவை எடை குறைக்கச் சொல்லவில்லை என்றார். சீசன் இன்னும் தொடங்கவே இல்லையே என்றார். அது தெரியும் என்றாள் ஜனெல். நூற்றி இருபது வேண்டாம், நர்ஸ் என்ன சொன்னாலும் வேண்டாம் என்றாள். அவர் காரில் உட்கார்ந்திருந்த பிரிட்டாவைப் பார்த்தார். சரி என்றார். நூற்றி முப்பதுக்கு மேசியோடு மோதுவது வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு, கதவு திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றார்.

மதியம் ஜனெலும் டோரீனும் ஜிம் கடையில் மெஷினை ஓட்டிப் பார்த்தார்கள். சட்டி சூடாவதற்கு நேரம் எடுத்தது. முதல் தடவை பொரித்ததில் பாதி கருகியது. அதைக் கொட்டிவிட்டு இரண்டாவது தடவை பொரித்தார்கள். பிரிட்டா வாலிபால் முழங்கால் உறைகளைப் பழைய கொதிகலன் அறையில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் வந்தாள். அம்மாவிடம் பேசவில்லை. டோரீன் ஒரு பை நிறையப் போட்டுக் கொடுத்தாள். உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் உப்பு, அது போட்டதா என்று பிரிட்டா கேட்டாள். போட்டது என்றாள் டோரீன். அவள் பையை வாங்கிக்கொண்டு திரும்பி நின்றாள். சாப்பிட்டாளா இல்லையா என்று முதுகை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஜனெல் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பல் மருத்துவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள். வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும், வரவேற்பு மேசையை யாரிடமாவது விட்டுப் போகிறேன் என்று. சரி என்று பதில் வந்தது.

மெஷினின் உள்விளக்கு எரியவில்லை. பல்பு போய்விட்டது. நாளைக்கு வாங்கி வருவதாக டோரீன் சொன்னாள்.